மூச்சில் போகும் அமிலம்



அழைப்பிதழில் ‘உடலின் அமில-காரச் சமநிலை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் உங்களில் பாதிப் பேருக்கு நெஞ்செரிச்சல் ஞாபகம் வந்திருக்கும். மீதிப் பேருக்குக் கார நீர் இயந்திரம் விற்க வீட்டுக்கு வந்தவர் ஞாபகம் வந்திருக்கும். நெஞ்செரிச்சல் வயிற்று விவகாரம், அதை இன்று தொடப்போவதில்லை. இயந்திரக்காரரைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம். நான் பேச வந்தது ரத்தத்தில் உள்ள அமிலத்தைப் பற்றி. அதை உடல் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது, கட்டு தளர்ந்தால் என்ன செய்கிறது என்பதைப் பற்றி.

ஒரே ஒரு கேள்வியைத்தான் இன்று உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். பரிசோதனைச் சீட்டில் ஓர் எண் கூடியிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. அது நோயா, நோய்க்கு உடல் சொல்லும் பதிலா? சின்னக் கேள்விதான். ஆனால் இதைக் கேட்கத் தவறியதால் ஐரோப்பாவின் நல்ல மருத்துவமனை ஒன்றில், நல்ல மருத்துவர்களின் கண்ணெதிரே, நோயாளிகள் வரிசையாக இறந்துபோனார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

அமிலத்தை அளக்க பிஎச் என்ற அளவை வைத்திருக்கிறோம். 1909இல் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர் கொண்டுவந்தது. அவர் வேலை பார்த்த இடம் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலை நடத்திய ஆய்வகம். இந்த அளவில் எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது, எண் கூடினால் காரம் கூடுகிறது. நம் ரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கிறது. 6.8க்குக் கீழே போனாலோ 7.8க்கு மேலே போனாலோ பிழைப்பது அரிது.

7.4 என்றால் எவ்வளவு அமிலம்? லிட்டருக்கு 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி. அதே ஒரு லிட்டர் ரத்தத் திரவத்தில் சோடியம் 140 மில்லிமோல் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், ஹைட்ரஜன் அயனியைப் போல 35 லட்சம் மடங்கு சோடியம்! இருந்தாலும் சோடியம் இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்கினால் உடல் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. இந்தத் துளியூண்டு ஹைட்ரஜன் இரட்டிப்பானால், அதாவது பிஎச் 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால், அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் ஓட வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? நம் புரதங்கள் ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும், விட்டுவிடும். பற்றினால் ஒரு வடிவம், விட்டால் வேறு வடிவம். நொதிகள் வேலை செய்வதும் இதயத் தசை சுருங்குவதும் அந்த வடிவத்தை நம்பித்தான்.

சரி, இந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? பலரும் நினைப்பது புளிப்பிலிருந்து, காபியிலிருந்து, கறிச்சோற்றிலிருந்து. இல்லை நண்பர்களே! பெரும்பங்கு வருவது உயிரோடிருப்பதிலிருந்து. நீங்கள் இட்லி சாப்பிட்டாலும் பிரியாணி சாப்பிட்டாலும் உடல் அதை எரித்துக் கரியமில வாயுவாக்குகிறது. அந்த வாயு தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். ஒரு நாளைக்கு இப்படி உண்டாவது சுமார் 15,000 மில்லிமோல். புரத உணவிலிருந்து வரும் கந்தக அமிலம் முதலான, வாயுவாக மாற முடியாத அமிலங்கள் எவ்வளவு? வெறும் 70 மில்லிமோல் அளவில்தான். 15,000 எங்கே, 70 எங்கே? அந்தப் பதினைந்தாயிரத்தையும் நுரையீரல் ஊதித் தள்ளுகிறது. எழுபதைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ முடிகிறது. மூச்சு நின்றவருக்கு அந்தச் சலுகை சில நிமிடங்கள்கூடக் கிடையாது.

நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் முன்னால் களத்தில் நிற்பவை தாங்கல்கள். பைகார்பனேட், ஹீமோகுளோபின், பிற புரதங்கள், பாஸ்பேட். அமிலம் வந்து விழுந்த கணத்திலேயே அதைப் பற்றிக்கொள்பவை இவைதான். இவற்றின் வலிமையைப் பிட்ஸ் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் நாய்களிடம் சோதித்துக் காட்டினார். உடலில் உள்ள ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் சுமார் 14 மில்லிமோல் என்ற கணக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ரத்தத்தில் செலுத்தினார். அதே அமிலத்தை அதே அளவு வெறும் தண்ணீரில் ஊற்றினால் பிஎச் இரண்டுக்கும் கீழே போய்விடும். நாயின் ரத்தத்தில்? 7.44இலிருந்து 7.14க்கு வந்தது. நாய் உயிரோடு இருந்தது.

ஆனால் தாங்கல் என்பது கைமாற்று வாங்கிச் சமாளிப்பது மாதிரி. மானம் போகாமல் அன்றைக்குக் காப்பாற்றும். ஒவ்வொரு ஹைட்ரஜனைப் பிடிக்கும்போதும் ஒரு பைகார்பனேட் செலவாகிறது. அதை யாராவது திருப்பி வைத்தாக வேண்டும். திருப்பி வைக்கும் வேலையைப் பிறகு சொல்கிறேன். முதலில் மூச்சைப் பார்ப்போம்.

மூச்சை ஓட்டுவது எது? ஆக்சிஜன் தேவை என்றுதான் யாரும் சொல்வார்கள். 1905இல் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் உடலியல் அறிஞர்கள் வேறு பதிலைக் காட்டினார்கள். சாதாரண நிலையில் மூச்சின் கடிவாளம் கரியமில வாயுவின் கையில் இருக்கிறது. அது கொஞ்சம் ஏறினால் போதும், மூளையின் முகுளத்தில் உள்ள உணர்விகள் மூச்சை முடுக்கிவிடும். இந்த ஹால்டேனின் மகன்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். வீட்டிலேயே ஆய்வுக்கூடம் இருந்த குடும்பம். சோதனைக்கு வேறு ஆளைத் தேடுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

மகன் ஹால்டேனுக்கு ஓர் ஆசை. கரியமில வாயுவைத் தொடாமல், ரத்தத்தில் அமிலத்தை மட்டும் கூட்டினால் மூச்சு என்ன ஆகும்? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குடித்துப் பார்த்தார். போதுமான அளவு உள்ளே இறங்கவில்லை. தொண்டை ஒத்துழைக்க வேண்டாமா? பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தூவுவாரே, அந்த நவச்சாரம், அமோனியம் குளோரைடு. அதைக் கரைத்துக் குடித்தால் கல்லீரல் அமோனியாவை எடுத்து யூரியாவாக்கிவிடும், அமிலம் பின்தங்கும். குடித்தார். சில நாட்களுக்குக் கடுமையாக மூச்சு வாங்கியது. நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லை. ரத்தம் அமிலமானது, உடனே மூச்சு ஓடிவந்து கரியமில வாயுவை வெளியேற்றிச் சுமையைக் குறைத்தது. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், அந்தக் குடும்பத்துக்கு அது தொழில்.

இப்போது கோபன்ஹேகனுக்கு வாருங்கள். ஆண்டு 1952. இளம்பிள்ளை வாதம், போலியோ, நகரத்தைப் பிடித்து ஆட்டுகிறது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் மருத்துவமனைக்கு அந்த ஆண்டின் பிற்பாதியில் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 2,700 பேர். பலர் குழந்தைகள். அவர்களில் சில நூறு பேருக்கு மூச்சுத் தசையோ விழுங்கும் தசையோ செயலிழந்தது. மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல், மார்பில் கட்டும் கவசக் கருவிகள் ஆறு. தொடக்கத்தில் அந்தக் கருவிகளில் வைத்துப் பார்த்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

அந்தச் சாவுகளில் ஒரு விசித்திரம் இருந்தது. உடல் நீலம் பாரிக்கவில்லை. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்கு வியர்த்துக் கொட்டியது, ரத்த அழுத்தம் ஏறியது, பிறகு நினைவு தப்பி உயிர் போனது. ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரே ஓர் எண் உயர்ந்து நின்றது. அது ரத்தத்தில் கரைந்துள்ள மொத்தக் கரியமிலத்தின் அளவு, அதாவது பெரும்பாலும் பைகார்பனேட். பைகார்பனேட் என்ன? காரம். காரம் ஏறியிருக்கிறது, ஆகவே இவர்களுக்கு ரத்தத்தில் காரம் மிகுந்துவிட்டது, போலியோ ஏதோ புரியாத வழியில் இதைச் செய்கிறது என்று முடிவு கட்டினார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்களா? அது நோயா, பதிலா?

கேட்டவர் பியோர்ன் இப்சன். தொற்றுநோய் மருத்துவர் அல்ல, மயக்க மருந்து நிபுணர். அறுவை அரங்கில் தசைகளைத் தளர்த்திவிட்டு, ரப்பர் பையை அழுத்தி மணிக்கணக்கில் இன்னொருவருக்காக மூச்சு விடுவது அவருக்கு அன்றாட வேலை. மூச்சு போதாதவர் எப்படி இருப்பார் என்று அவர் கைக்குத் தெரியும். அந்த வியர்வையையும் ஏறிய ரத்த அழுத்தத்தையும் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்தது. இவர்கள் கரியமில வாயுவை வெளியேற்ற முடியாமல் இறக்கிறார்கள்! வாயு தேங்கத் தேங்க, அந்த அமிலத்துக்கு ஈடுகொடுக்கத்தான் ரத்தத் தாங்கல்களும், பின்னால் சிறுநீரகமும், பைகார்பனேட்டை ஏற்றுகின்றன. உயர்ந்து நின்ற எண் நோயல்ல, பதில். மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் போல் அஸ்ட்ரப்பிடம் பிஎச் அளக்கும் மின்முனை இருந்தது. அளந்தார்கள். ரத்தம் காரப் பக்கம் போகவே இல்லை, அமிலப் பக்கம் ஆழமாகச் சாய்ந்திருந்தது.

ஆகஸ்ட் 27. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சாகும் தறுவாயில் கிடக்கிறாள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் செருகப்படுகிறது. இப்சன் பையை அழுத்துகிறார், காற்று போகமாட்டேன் என்கிறது. சிறுமி திணறித் திமிறுகிறாள். மூச்சுக்குழல்கள் இறுகியிருக்கின்றன. சுற்றி நின்ற மருத்துவர்கள் ஒவ்வொருவராக அறையை விட்டு நகரத் தொடங்குகிறார்கள். அப்போது இப்சன் ஒரு காரியம் செய்தார். மயக்க மருந்தைக் கொடுத்து அவளுடைய சொந்த மூச்சையே அடக்கினார். திமிறல் நின்றது. இப்போது பை அழுந்தியது, மார்பு உயர்ந்தது, காற்று உள்ளே போய் வெளியே வந்தது. சிறிது நேரத்தில் வியர்வை உலர்ந்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. போனவர்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். இப்சன் அதோடு விடவில்லை. காற்றோட்டத்தைக் குறைத்துக் காட்டினார், வியர்வையும் அழுத்தமும் திரும்பி வந்தன. மறுபடி நன்றாக ஊதினார், இரண்டும் அடங்கின. சந்தேகத்துக்கு அங்கே இடமிருந்ததா?

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பு. அத்தனை நோயாளிகளுக்கும் பை இருக்கிறது, யார் அழுத்துவது? வென்டிலேட்டர்கள் கிடையாது. மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு, இரவும் பகலும் படுக்கை அருகில் உட்கார்ந்து, கையால் பையை அழுத்தினார்கள். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள்வரை மாணவர்களின் கையால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம்! கடைசி வரிசை மாணவர்களே, உங்கள் வயதுதான் அவர்களுக்கு. தொடக்கத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என்றிருந்த சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டு இப்சன் அதே நகரத்தில் இன்னொரு மருத்துவமனையில் திறந்த வார்டைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலர் சொல்கிறார்கள். ஐசியூ வாசலில் நின்று கவலைப்பட்டிருப்பீர்களே, அந்த ஐசியூ பிறந்த கதை ஓர் அமில-காரக் கணக்கைச் சரியாகப் படித்த கதை.

இன்னொன்று. கொரோனாவுக்குப் பிறகு நம் வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் அது கரியமில வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. ஆக்சிஜன் குழாய் மாட்டியவருக்கு 98 காட்டும், உள்ளே வாயு தேங்கிக்கொண்டே இருக்கலாம். பிளெக்டாமில் நடந்தது அதுதானே? அதனால்தான் மருத்துவர்கள் மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி ‘ஏபிஜி’ என்ற ரத்த வாயுப் பரிசோதனை எடுக்கிறார்கள். வலிக்கும். சும்மா குத்துவதில்லை.

கைமாற்றை யார் அடைப்பது என்ற கேள்வியை நிலுவையில் வைத்தேன். சிறுநீரகம். நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவம் அதன் வடிகட்டிகளில் இறங்குகிறது. அதோடு சுமார் 4,300 மில்லிமோல் பைகார்பனேட்டும் இறங்குகிறது. அது சிறுநீரில் போய்விட்டால் ஒரே நாளில் கதை முடிந்தது. சிறுநீரகம் கிட்டத்தட்ட முழுவதையும் மீட்டுக்கொள்கிறது. மீட்பது மட்டுமா? அந்த 70 மில்லிமோல் அமிலத்துக்காகச் செலவான பைகார்பனேட்டைப் புதிதாகவும் செய்து ரத்தத்தில் விடுகிறது.

அந்த எழுபதை வெளியேற்றுவதில்தான் அதன் சாமர்த்தியம். சிறுநீர் எவ்வளவு புளித்தாலும் பிஎச் 4.5க்குக் கீழே இறங்காது. அந்த அளவில் அமிலத்தைத் தனி ஹைட்ரஜன் அயனியாகவே வெளியேற்ற வேண்டுமென்றால் நாளைக்கு 2,000 லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர். எப்படி? ஹைட்ரஜனில் ஒரு பகுதியைப் பாஸ்பேட்டின் தலையில் ஏற்றிவிடுகிறது. மீதியை அனுப்ப, குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அமோனியம் தயாரித்து வெளியே விடுகிறது. அமிலம் கூடினால் அமோனியம் தயாரிப்பையும் பல மடங்கு கூட்டும். ஒரே சங்கடம், நிதானம். தாங்கல் கணத்தில் வேலை செய்யும், மூச்சு நிமிடத்தில் செய்யும், சிறுநீரகத்துக்கு மூன்று நான்கு நாள் வேண்டும். லே, லடாக் போகிறவர்களுக்கு மருத்துவர் டயமாக்ஸ் மாத்திரை கொடுப்பது இதனால்தான். உயரத்தில் வேகமாக மூச்சுவிட்டு ரத்தம் காரமாகிறது, அந்தக் காரம் மூச்சுக்கே தடை போடுகிறது. பைகார்பனேட்டை வெளியே தள்ளச் சிறுநீரகம் எடுக்கும் நாட்களை அந்த மாத்திரை குறைத்துக்கொடுக்கிறது.

இப்போது இயந்திரக்காரர். அவர் விற்கும் தண்ணீரின் பிஎச் எட்டு, ஒன்பது. குடித்தவுடன் அது விழும் இடம் வயிறு, அங்கே பிஎச் ஒன்றரை, இரண்டு. அங்கேயே அதன் காரம் தீர்ந்தது. அப்படியே கொஞ்சம் தப்பிப் போனாலும் மேலே சொன்ன இத்தனை ஏற்பாட்டையும் தாண்டி ரத்தத்தின் பிஎச்சை அசைக்க முடியுமா? மாறுவது சிறுநீரின் பிஎச். சிறுநீரில் காகிதத்தை நனைத்து நிறம் காட்டி, உங்கள் உடல் மாறிவிட்டது என்கிறார்கள். மாறியது உடல் வெளியே கொட்டியது, ரத்தம் அல்ல. எலுமிச்சைச் சாறு புளிப்பு, ஆனால் அதன் சிட்ரேட் எரிந்து பைகார்பனேட் ஆகிறது. ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறுக்கு இயந்திரம் தேவையில்லை என்பது என் கட்சி.

அந்தச் சிட்ரேட்டை நாம் மருந்தாகவே பயன்படுத்துகிறோம். வயிற்றுப்போக்கில் தண்ணீரும் உப்பும் மட்டுமா போகின்றன? குடலின் பைகார்பனேட்டும் போகிறது. 1830களின் தொடக்கத்தில் பிரிட்டனில் காலரா பரவியபோது ஓஷாக்னசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, நீரும் உப்பும் காரமும் குறைந்திருப்பதைச் சொன்னார். தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் ஸ்காட்லாந்தில் உப்புநீரை நரம்பில் ஏற்றிப் பார்த்தார். ஆனால் அந்த முறை நிலைபெற வெகு காலம் ஆயிற்று. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். ஒரு லிட்டருக்கு டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று இருக்கும். ஓஷாக்னசி குறைந்திருக்கிறது என்று சொன்ன காரம் அதுதான்.

கடைசியாக, நம் ஊரில் மாதம் தவறாமல் நடக்கும் ஒன்று. இருபது வயதுப் பையன், சிறு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்பவன். காய்ச்சல், வாந்தி. சாப்பிடவில்லையே, சர்க்கரை இறங்கிவிடுமே என்று வீட்டில் இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த நாள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. ஆழமான, இடைவிடாத மூச்சு. வாயில் பழம் அழுகின மாதிரி ஒரு வாசனை. ‘இளைப்பு வந்துவிட்டது’ என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சீழ்க்கைச் சத்தமே இல்லை. ஆக்சிமீட்டர் 99 காட்டுகிறது. அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1874இல் எழுதிவைத்த மூச்சு இது.

கேளுங்கள் நண்பர்களே, அந்த மூச்சு நோயா, பதிலா? இன்சுலின் இல்லாததால் கொழுப்பு கட்டின்றிக் கரைந்து கீட்டோ அமிலம் கொட்டுகிறது. பைகார்பனேட் 24இலிருந்து 8க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பையன் வேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை 40இலிருந்து 20க்குக் கொண்டுவந்திருக்கிறான். கணக்குப் போட்டால் பிஎச் 7.2. நம்மைப் போலச் சாதாரணமாக மூச்சுவிட்டு வாயுவை 40இலேயே வைத்திருந்தால் 6.9. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது அவன் மூச்சு மட்டும்தான். ‘பாவம், இப்படித் தவிக்கிறானே, தூங்க ஒரு ஊசி போடுங்கள்’ என்று உறவினர் கெஞ்சுவார்கள். போட்டால் மூச்சு அடங்கும். அமிலம் அடங்காது.

கோபன்ஹேகனில் மூச்சு தோற்றது, பைகார்பனேட் பதில் சொன்னது. இங்கே பைகார்பனேட் தோற்றது, மூச்சு பதில் சொல்கிறது. அங்கே மூச்சைக் கொடுத்தால் பைகார்பனேட் தானாக இறங்கியது. இங்கே சலைனும் இன்சுலினும், கவனமாகப் பொட்டாசியமும் கொடுத்தால் கீட்டோன்கள் எரிந்து பைகார்பனேட்டாகத் திரும்பும், மூச்சு தானாக அடங்கும். பெரும்பாலும் சோடா உப்பு மருந்தைத் தனியாக ஏற்றக்கூட வேண்டியதில்லை.

ஆகவே, வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில், நீங்களாக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் நாளில் உடலுக்கு அது கூடுதலாகவே தேவைப்படலாம். அளவை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம், காய்ச்சல் வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையோடு கீட்டோனையும் பாருங்கள், அதற்கான பட்டை மருந்துக்கடையில் கிடைக்கிறது. வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சிறுநீரகக் கல்லைப் பற்றியும் வாந்தியில் ரத்தம் காரமாவதைப் பற்றியும் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை வைத்தே கேள்வி நேரத்தைத் தொடங்கலாம்.